வெளிநாட்டில் வேலை, ஊரில் வாடகை வீடு: ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி வீட்டுக்காரர்களுக்கு

ஓசூர் பாகலூர் ரோட்டிலோ, கிருஷ்ணகிரி ராயக்கோட்டை ரோட்டிலோ, தர்மபுரி பிடமனேரியிலோ ஒரு வீட்டைக் கட்டி வாடகைக்கு விட்டுவிட்டு துபாயிலும் டாலஸிலும் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்கு வரும் தொல்லைகள் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான். வாடகை தள்ளிப்போகும், மோட்டார் ஓடாது, கரண்ட் பில் நிற்கும், காலி செய்யச் சொன்னால் அசைய மாட்டார்கள். ஊரிலேயே இருக்கும் வீட்டுக்காரருக்கும் இதெல்லாம் வரும். அவர் ஒரு நடை நேரில் போய் நின்று பேசி முடித்துவிடுவார். உங்களால் அப்படி நிற்க முடியாது என்பதால், உங்களுக்குப் பதிலாக நிற்க எழுத்தில் அதிகாரம் பெற்ற ஒரு ஆளும் பதிவு செய்த ஒரு ஒப்பந்தமும் வேண்டும். இவை இல்லாமல் வாட்ஸ்அப்பிலேயே வீட்டை ஓட்டிக்கொண்டிருப்பவர்கள்தான் கடைசியில் லீவு போட்டு விமானம் ஏறி வருகிறார்கள்.

வீடு யார் பெயரில் இருக்கிறது?

பணம் அனுப்பியது நீங்களாக இருக்கலாம். பத்திரம் அப்பா பெயரில் இருந்தால் வீட்டுக்காரர் அவர்தான். ஒப்பந்தத்தில் அவர் பெயர், வாடகை அவர் கணக்குக்கு, வருமானமும் அவருடையது. இந்த நிலையில் கீழே சொல்லும் பவர் பத்திரம் (உங்கள் சார்பில் செயல்பட இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கும் அதிகாரம்), வெளிநாட்டில் வசிப்பவருக்கான வரிப்பிடித்தம் எதுவும் உங்களுக்குத் தேவைப்படாது. மகன் பெயரில் ஒப்பந்தம், அப்பா பெயரில் பத்திரம் என்று கலந்து வைத்தால்தான் பின்னால் சிக்கல். குடியிருப்பவர் வழக்கென்று போனால், ‘இவர் வீட்டுக்காரரே இல்லை’ என்பதுதான் முதல் வாதமாக வரும்.

பத்திரம் உங்கள் பெயரில் இருந்தால் தொடர்ந்து படியுங்கள்.

ஊரில் ஒரு ஆள்

மாமா, சித்தப்பா, மச்சான் யாராவது ‘நான் பார்த்துக்கறேன்பா’ என்பார்கள். முதல் ஆறு மாதம் பார்த்துக்கொள்ளவும் செய்வார்கள். அதன் பிறகு குடித்தனக்காரர் பத்து முறை கூப்பிட்டால் எரிச்சல் வரும். சும்மா செய்கிறவரிடம் கணக்கும் கேட்க முடியாது. மாதம் 1,000 ரூபாயோ, வாடகையில் ஒரு சிறு பங்கோ கொடுத்துவிடுங்கள். சொந்தக்காரர் வாங்க மறுத்தால் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் சேர்த்துக் கொடுங்கள்.

சாவியும் பணமும் ஒரே கையில் இருக்க வேண்டாம். சாவி, ரிப்பேர், வீட்டைப் போய்ப் பார்த்து வருவது இவர் பொறுப்பு. வாடகை நேராக உங்கள் வங்கிக் கணக்குக்கு வரட்டும். ரிப்பேருக்கென்று அவரிடம் 5,000 ரூபாய் இருப்பு வைத்து, 3,000 வரை கேட்காமலே செலவழிக்கச் சொல்லுங்கள். அதற்கு மேல் போனால் வீடியோவும் இரண்டு பேரிடம் வாங்கிய மதிப்பீடும் வேண்டும். இந்த 3,000 வரம்பு இல்லையென்றால் ஒரு குழாய் வாஷருக்குக்கூட நடு ராத்திரியில் போன் வரும்.

வாடகை விவகாரங்களுக்கென அரசு வைத்திருக்கும் வாடகை அதிகாரி முன்போ வாடகை நீதிமன்றத்திலோ உங்களுக்காக அவர் நிற்க பவர் பத்திரம் தேவை. ஊருக்கு லீவில் வரும்போது சார்பதிவாளர் அலுவலகத்தில் நேரிலேயே பதிந்துவிடுவது எல்லாவற்றையும்விட எளிது. வெளிநாட்டிலிருந்தே எழுதுவதானால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் நேரம் வாங்கி, சாட்சிகளோடு போய்க் கையெழுத்திட்டு அத்தாட்சி பெற்று அனுப்ப வேண்டும். பத்திரம் இந்தியா வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் கட்டியாக வேண்டும். மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் இதைச் செய்வார்கள். கூரியர் உறையைத் தூக்கிப் போடாதீர்கள், வந்து சேர்ந்த தேதிக்கு அதுதான் ஆதாரம்.

பத்திர எழுத்தர் வழக்கமான ‘பொது அதிகாரப் பத்திரம்’ மாதிரியை நீட்டுவார். அதில் விற்கும் அதிகாரமும் இருக்கும். வேண்டாம் என்று சொல்லுங்கள். வாடகைக்கு விடுதல், ஒப்பந்தத்தில் கையெழுத்திடுதல், நோட்டீஸ் அனுப்புதல், வாடகை நீதிமன்றத்தில் வழக்கு நடத்துதல், மின்வாரியத்திலும் நகராட்சியிலும் மனுக் கொடுத்தல் ஆகிய ஐந்தோடு நிறுத்தி, ‘விற்கவோ அடமானம் வைக்கவோ அதிகாரம் இல்லை’ என்று தனி வரியாக எழுதச் சொல்லுங்கள். அது போக, மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு முறை பதிவுத்துறையின் இணையதளத்தில் உங்கள் சர்வே எண்ணுக்கு வில்லங்கம் பார்த்துவிடுங்கள். பார்ப்பதற்குக் காசில்லை. ஓசூரில் மனை விலை இருக்கும் நிலைக்கு ஆள் இல்லாத வீட்டின் மேல் எல்லாக் கண்ணும் இருக்கும்.

இந்த எல்லாவற்றுக்கும் ஓடிபி உங்கள் இந்திய எண்ணுக்குத்தான் வரும். அந்த சிம்மை ரோமிங்கில் உயிரோடு வைத்திருங்கள். தொடர்ந்து 90 நாள் பயன்படுத்தாமல் விட்டால் எண் வேறொருவர் கைக்குப் போகக்கூடும்.

ஒப்பந்தம்: 11 மாதத் தாள் மட்டும் போதாது

வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் பற்றிய 2017-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. அதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவும் ஆக வேண்டும். அரசின் வாடகைப் பதிவு இணையதளத்திலேயே விண்ணப்பித்துப் பதிவு எண் வாங்கலாம். ஒப்பந்தம், இரு தரப்பு அடையாள ஆவணம், புகைப்படம் இருந்தால் போதும். கையெழுத்தான 90 நாளுக்குள் முடித்துவிடுங்கள். ஜெராக்ஸ் கடையில் விற்கும் 11 மாதத் தாளில் கையெழுத்து வாங்கி பீரோவில் வைத்துக்கொள்வது பழைய வழக்கம். நாளை வாடகை நீதிமன்றம் போனால் முதலில் கேட்பது இந்தப் பதிவு எண்ணைத்தான்.

ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதாவிட்டால் அட்வான்ஸ் 3 மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது என்கிறது சட்டம். பெங்களூர்ப் பழக்கம் ஒட்டிக்கொண்டதால் ஓசூரில் அதற்கு மேலும் கேட்கிறார்கள். பெரிய அட்வான்ஸ் பாதுகாப்பு மாதிரி தெரியும். காலி செய்யும் மாதத்தில் அதை மொத்தமாகத் திருப்பிக் கொடுக்க வேண்டியவர் நீங்கள்தான் என்பதையும் கணக்கில் வையுங்கள். மாதாமாதம் வாடகை வசூலிக்கும் தொல்லை இல்லை என்று சிலர் மாத வாடகைக்குப் பதில் ஒரு பெருந்தொகையை மொத்தமாக வாங்கிக்கொண்டு போக்கியத்துக்கு விடுகிறார்கள். வெளிநாட்டில் இருப்பவருக்கு அது சரிப்படாது. வாங்கிய லட்சங்கள் வீட்டுக் கடனிலோ கார் மீதோ கரைந்திருக்கும். கெடு முடியும்போது திருப்பித் தரப் பணம் இல்லையென்றால் குடியிருப்பவர் வீட்டை விட மாட்டார், விடச் சொல்லவும் உங்களுக்கு வாய் இருக்காது.

ரிப்பேர் யார் செலவு என்பதற்கு அந்தச் சட்டத்தின் அட்டவணையிலேயே பட்டியல் இருக்கிறது. கட்டட அமைப்பு சம்பந்தப்பட்ட பழுது, வெள்ளையடிப்பு, கதவு ஜன்னல் பெயின்ட், குழாய் லைன் மாற்றுவது, வயரிங் ஆகியவை வீட்டுக்காரர் செலவு. டேப், வாஷர், வாஷ்பேசின், கழிவறைச் சில்லறைப் பழுது, சாக்கடை அடைப்பு, கீசர், சுவிட்ச், பூட்டு, ஜன்னல் கண்ணாடி, கொசுவலை ஆகியவை குடியிருப்பவர் செலவு. இதை அப்படியே ஒப்பந்தத்தின் பின்னிணைப்பாகச் சேருங்கள். பட்டியலில் இல்லாத இரண்டை நீங்களாக எழுத வேண்டும். ஒன்று போர் மோட்டார், இன்னொன்று செப்டிக் டேங்க். நம் பக்கம் சண்டை வருவது இந்த இரண்டில்தான்.

ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டை வேலைக்கு வருகிறவர்களில் கன்னடம், தெலுங்கு, இந்தி மட்டும் தெரிந்தவர்கள் நிறைய. ஒப்பந்தத்தை ஆங்கிலத்தில் எழுதி, முக்கியமான ஐந்தாறு விதிகளை அவர்கள் மொழியில் வாட்ஸ்அப் குரல் பதிவாக அனுப்பி, ‘சரி’ என்று பதில் வாங்கி வையுங்கள். கூடவே ஆதார் நகல், கம்பெனி அடையாள அட்டை நகல். காவல்துறையின் இணையதளத்தில் வாடகைதாரர் சரிபார்ப்புக்கும் விண்ணப்பிக்கலாம்.

குடி வரும் அன்று உங்கள் ஆள் எடுக்கும் வீடியோவில் மூன்று விஷயம் கட்டாயம் வர வேண்டும்: மின் மீட்டர் ரீடிங், ஒவ்வொரு டேப்பும் திறந்து மூடுவது, மோட்டார் பேனலில் ஊசி நிற்கும் இடம். மூன்றாவது எதற்கென்று மோட்டார் பகுதியில் பார்க்கலாம்.

வாடகையும் வரியும்

வெளிநாடு போனவரின் சாதாரண சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டில் வசிப்பவரின் இந்திய வருமானத்துக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். வாடகை அதில் வரட்டும். வரி போக மீதியை வெளிநாட்டுக்கு எடுத்துக்கொள்ளத் தடை இல்லை.

பலர் கவனிக்காமல் விடுவது இதற்கு அடுத்த விஷயத்தை. வருமான வரிச் சட்டப்படி நீங்கள் ‘இந்தியாவில் வசிக்காதவர்’ என்றால் வாடகை கொடுப்பவர் 30 சதவீத வரியும் அதன் மேல் 4 சதவீத செஸ்ஸும், ஆக 31.2 சதவீதம் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். இவ்வளவு வாடகைக்குக் கீழே என்றால் விலக்கு என்ற வரம்பே இதற்கு இல்லை. 12,000 ரூபாய் வாடகையில் 3,744 பிடித்தம், உங்களுக்கு 8,256. அதற்குக் குடியிருப்பவர் டான் எண் (வரி பிடிப்பவருக்கு வருமான வரித்துறை தரும் எண்) வாங்கி, பிடித்ததை அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கட்டி, காலாண்டு அறிக்கையும் கொடுக்க வேண்டும். மாதச் சம்பளத்துக்கு சிப்காட்டில் வேலை பார்ப்பவரிடம் இதைச் சொன்னால் ‘வேற வீடு பாத்துக்கறேங்க’ என்றுதான் சொல்வார். நம் ஊர்களில் பெரும்பாலும் யாரும் பிடிப்பதில்லை என்பதும் உண்மை. ஆனால் பிடிக்காமல் விட்டதற்குப் பொறுப்பு அவர் தலையில் விழும். பின்னால் தகராறு வரும்போது, ‘வெளிநாட்டில் இருப்பதை மறைத்துவிட்டார்’ என்று அதையே உங்கள் மேல் திருப்புவார்.

நேரான வழிகள் இருக்கின்றன. கம்பெனி தன் ஊழியருக்காக எடுக்கும் வாடகை என்றால் அவர்களிடம் டான் எண் ஏற்கெனவே இருக்கும். பிடித்தம் தானாக நடந்துவிடும். தனி நபர் என்றால், அவருடைய டான், மாதக் கட்டணம், காலாண்டு அறிக்கை வேலையை ஊரில் ஒரு ஆடிட்டரிடம் ஒப்படைத்து அந்தச் செலவை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள். பிடித்த பணம் போய்விடுவதில்லை. ஆண்டு வாடகை 1,44,000 என்றால் அதில் 30 சதவீதம் பராமரிப்புக் கழிவு போக 1,00,800-தான் வருமானம். இந்தியாவில் வேறு வருமானம் இல்லையென்றால் இது வரி விலக்கு வரம்புக்குள் அடங்கும். கணக்குத் தாக்கல் செய்தால் பிடித்த 44,928 ரூபாயும் திரும்ப வரும். ஒவ்வொரு ஆண்டும் காத்திருக்க முடியாது என்றால் குறைந்த விகிதத்தில் பிடிக்கச் சான்றிதழ் கேட்டு வருமான வரித்துறையில் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். வரி பிடிக்க வேண்டாம் என்று வங்கி டெபாசிட்டுக்குக் கொடுக்கும் படிவம் இங்கே செல்லாது, அது இந்தியாவில் வசிப்பவர்களுக்கு மட்டும்.

எங்கிருந்தும் வேலை பார்க்கலாம் என்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ‘ஊரில் உட்கார்ந்தே வேலை செய்கிறேன்’ என்று ஒரு நிதியாண்டில் 182 நாளோ அதற்கு மேலோ தர்மபுரியில் தங்கினால் நீங்கள் இங்கே வசிப்பவராகிவிடுகிறீர்கள். வாடகைப் பிடித்தத்தின் கணக்கும் மாறும், வெளிநாட்டுச் சம்பளத்தின் மேல் வரிக் கேள்வியும் எழும். இந்தியாவில் வருமானம் 15 லட்சத்தைத் தாண்டுபவர்களுக்கு நாள் கணக்கு இன்னும் இறுக்கம்.

மோட்டார், தண்ணீர்

வாடகை வீட்டிலிருந்து வரும் அழைப்புகளில் பாதி தண்ணீருக்காகத்தான். இங்கே போர் ஆழம். ஓசூர்ப் பக்கம் 1,000 அடி தாண்டியும் போட்டிருக்கிறார்கள். ‘மோட்டார் ரிப்பேர்’ என்ற ஒரு சொல்லை நம்பி பைப்பைத் தூக்கச் சொல்லிவிட்டால் தூக்குவதற்கும் இறக்குவதற்கும் கூலியே பெரிய தொகை. அதற்கு முன் வீடியோ காலில் பேனலைப் பார்த்தே பாதி விஷயத்தைக் கண்டுபிடித்துவிடலாம்.

மோட்டார் நன்றாக ஓடும் நாளில் ஆம்ப் மீட்டர் ஊசி எந்த எண்ணில் நிற்கிறதோ அதை பேனல் மூடியில் மார்க்கரால் எழுதி வைக்கச் சொல்லுங்கள். சிங்கிள் பேஸ் மோட்டார் மக்கர் செய்யும் அன்று முதலில் வோல்ட் மீட்டரைப் பார்க்கச் சொல்ல வேண்டும். 180-க்குக் கீழே இருந்தால் மோட்டாரைத் தொடவே வேண்டாம், லைனில் வோல்டேஜ் வரும்வரை காத்திருக்கலாம். வோல்டேஜ் சரி, பச்சை பட்டனை அழுத்தியதும் ஊசி மேலே பாய்ந்து டிரிப் ஆகிறது என்றால் முதல் சந்தேகம் கெபாசிட்டர். சில நூறு ரூபாய்ச் சாமான், எலக்ட்ரீஷியன் அரை மணியில் மாற்றிவிடுவார். மாற்றியும் டிரிப் ஆனால் மோட்டார் ஜாம், அல்லது காயில் போயிருக்கும். ஊசி அசையவே இல்லை என்றால் பேனலிலிருந்து கேபிள் வரை எங்கோ துண்டிப்பு. ஊசி எழுதி வைத்த எண்ணைவிடக் கீழே நிற்கிறது, தண்ணீரும் வரவில்லை என்றால் மோட்டார் தண்ணீர் இல்லாமல் சுற்றுகிறது. உடனே நிறுத்தச் சொல்லுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் பெரும்பாலும் இதுதான். தண்ணீர் இல்லாவிட்டால் தானே நிறுத்திவிடும் டிரை ரன் கருவியை பேனலில் சேர்த்துவிட்டால் மோட்டார் எரியாமல் தப்பும். ஊசி சரியான இடத்தில் நிற்கிறது, மேல் தொட்டிக்குத் தண்ணீர் ஏறவில்லை என்றால் பைப்பில் ஓட்டை. போர்க்குழி வாயில் காது வைத்தால் உள்ளே தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்கும்.

தூக்கியே ஆக வேண்டும் என்றால், ஒரு பைப் 20 அடி என்ற கணக்கில் எத்தனை பைப் வெளியே வந்தது என்று எண்ணி வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். 600 அடிக்கு 30 பைப். மோட்டாரின் பெயர்ப்பலகையில் உள்ள வரிசை எண்ணையும் படம் எடுக்கட்டும். வைண்டிங் கடைக்குப் போகும் மோட்டாரும் திரும்பி வரும் மோட்டாரும் ஒன்றுதானா என்று சொல்ல வேறு வழி இல்லை.

வீடு பார்க்க வருகிறவர்கள் ‘ஒகேனக்கல் தண்ணி வருதா?’ என்று கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களில் பல இடங்களில் போர்த் தண்ணீரில் புளோரைடு அதிகம். 2013-இல் தொடங்கி வைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே இதற்காக வந்ததுதான். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை, மாற்று வழி இல்லாத இடத்தில் 1.5 வரை என்பது இந்தியத் தரநிலை. கொதிக்க வைத்தால் புளோரைடு போகாது. தண்ணீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். ஆகவே ஒகேனக்கல் தண்ணீரையும் போர்த் தண்ணீரையும் ஒரே சம்ப்பில் (தரைத் தொட்டியில்) விடாதீர்கள். 500 லிட்டர் தனித் தொட்டி, சமையலறையில் தனி டேப். சின்னச் செலவுதான், நல்ல குடித்தனக்காரர் நிலைப்பார். போர்த் தண்ணீரைப் பிளாஸ்டிக் பாட்டிலில் பிடித்துக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்துவிடுங்கள்.

செப்டிக் டேங்க் நிரம்பினால் லாரிதான். ஆளை உள்ளே இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், உயிரும் போகும். மொட்டை மாடி மழைநீர்க் குழாயை ஆடியிலும் புரட்டாசியிலும் ஒரு முறை சுத்தம் செய்தால் தளத்தில் நீர் தேங்கி ஒழுகும் பிரச்சினை பெரும்பாலும் வராது.

கரண்ட், சொத்து வரி

மின் இணைப்பு உங்கள் பெயரில் இருக்கும். பாக்கியும் உங்கள் பெயரில்தான் நிற்கும். இணைப்பில் உங்கள் இந்திய எண்ணைச் சேர்த்தால் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை பில் தொகை குறுஞ்செய்தியாக வரும். குடியிருப்பவர் கட்டிவிட்டாரா என்பதையும் இணையத்திலேயே பார்க்கலாம். மின்தடைப் புகாருக்கு மின்னகம் எண் 94987 94987. அதைக் குடியிருப்பவருக்கே கொடுத்துவிடுங்கள். இரண்டு குடித்தனத்துக்கு ஒரே மீட்டர் வைக்காதீர்கள். யூனிட் கூடினால் விகிதமும் கூடும் என்பதால் இருவரும் சேர்ந்து அதிகம் கட்டுவார்கள், யார் எவ்வளவு என்ற சண்டை உங்கள் வாட்ஸ்அப்புக்கு வரும். வீட்டு இணைப்பில் தையல் யூனிட், பேக்கிங் வேலை ஓட்டினால் மின்வாரியம் அபராதம் போடுவதும் உங்களுக்குத்தான். ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதுங்கள்.

மாநகராட்சி, நகராட்சிகளில் சொத்து வரி அரையாண்டுக்கு ஒரு முறை. ஏப்ரல் 30-க்குள், அக்டோபர் 31-க்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை. ஓசூர் மாநகராட்சி, தர்மபுரி, கிருஷ்ணகிரி நகராட்சிகளுக்கு ஒரு தளம், ஊராட்சிகளுக்கு வேறு தளம். இரண்டிலும் வெளிநாட்டிலிருந்தே கட்டலாம்.

வாடகை நின்றுபோனால்

முதல் மாதமே எழுத்தில் கேளுங்கள். போனில் பேசினால் எதுவும் மிஞ்சாது. ‘வணக்கம் அண்ணா. இந்த மாத வாடகை ரூ.12,000 இன்னும் வரவில்லை. 10-ஆம் தேதிக்குள் போட்டுவிடுங்கள். சிரமம் இருந்தால் எவ்வளவு, எந்தத் தேதி என்று எழுதி அனுப்புங்கள்.’ இதற்கு அவர் ‘அடுத்த வாரம் தரேன் சார்’ என்று பதில் போட்டாலே பாக்கியை ஒப்புக்கொண்டதற்கு ஆதாரம்.

இரண்டு மாதம் நின்றுவிட்டால் வக்கீல் மூலம் நோட்டீஸ். பதிவுத் தபால் 2025-இல் ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்க்கப்பட்டுவிட்டதால் ஒப்புதல் ரசீதுடன் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்த ஒரு மாதத்துக்குள் பாக்கியை வட்டியோடு கட்டிவிட்டால் அவரைக் காலி செய்யக் கேட்க முடியாது. கட்டவில்லை என்றால் வாடகை நீதிமன்றத்தில் மனு. பவர் பெற்ற உங்கள் ஆளும் வக்கீலும் போதும், நீங்கள் ஒவ்வொரு வாய்தாவுக்கும் வர வேண்டியதில்லை. ஒப்பந்தம் முடிந்த பின்னும் காலி செய்யாமல் இருப்பவரிடம் இரட்டை வாடகை கேட்கச் சட்டத்தில் இடம் உண்டு.

இந்த இடத்தில் ஊரில் உள்ளவர்கள் ஒரு யோசனை சொல்வார்கள்: ‘பீஸைப் புடுங்கு, தண்ணியை நிறுத்து, ரெண்டே நாள்ல ஓடிடுவான்.’ கேட்காதீர்கள். தண்ணீர், மின்சாரம் போன்ற அவசிய வசதிகளை நிறுத்தக் கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது. குடியிருப்பவர் வாடகை அதிகாரியிடம் போனால் அன்றே உங்கள் வழக்கு தலைகீழாகிவிடும். பூட்டு மாற்றுவதும் சாமானை வெளியே வைப்பதும் அதைவிட மோசம். வீட்டைப் பார்வையிடப் போவதற்குக்கூட 24 மணி நேரம் முன்பே எழுத்தில் தெரிவித்துவிட்டு, பகல் வேளையில்தான் உங்கள் ஆள் போக வேண்டும்.

காலி செய்யும் நாள்

குடி வந்த அன்று எடுத்த வீடியோவைக் கையில் வைத்துக்கொண்டு, அதே வரிசையில் புதிதாக ஒன்று எடுக்கச் சொல்லுங்கள். மின் பில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை என்பதால் அன்றைய ரீடிங்குக்கும் கடைசி பில்லுக்கும் இடையில் ஓடிய யூனிட்டைக் கணக்கிட்டுப் பிடித்துக்கொள்ள வேண்டும். அவசரத்தில் இதை மறந்தால் அடுத்தவர் கட்ட மாட்டார். சுவரில் ஆணி அடித்த ஓட்டைக்கெல்லாம் பெயின்ட் காசு பிடிக்காதீர்கள், வெள்ளையடிப்பு உங்கள் செலவு என்று நீங்களே ஒப்பந்தத்தில் சேர்த்திருக்கிறீர்கள். பிடித்தத்துக்கு ஒரு பட்டியல், அதற்குப் படம். மீதி அட்வான்ஸை ஒரு மாதத்துக்குள் வங்கி வழியாகவே அனுப்பி, ‘பாக்கி ஏதுமில்லை, சாவி ஒப்படைத்துவிட்டேன்’ என்று எழுதி வாங்குங்கள். வரி பிடித்திருந்தால் அதுவரையிலான காலாண்டுச் சான்றிதழ்களையும் அப்போதே கேட்டு வாங்கிவிடுங்கள், போன பிறகு அவர் போனை எடுக்க மாட்டார்.

அடுத்த ஆள் வரும்வரை வீடு காலியாகக் கிடந்தால் வாரம் ஒரு முறை பத்து நிமிடம் மோட்டார் ஓட வேண்டும், ஜன்னலைத் திறந்து மூட வேண்டும், டூலெட் போர்டில் உங்கள் ஆளின் எண் இருக்க வேண்டும். புரோக்கரிடம் சாவியைக் கொடுத்து வைக்காதீர்கள்.